ஓட்டு எனும் சாட்சியம்: இரண்டு வேட்பாளர்களை எடைபோடுவது எப்படி?



சென்ற குடும்ப வகுப்பு முடிந்து எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, பவர் டேபிளில் வேலை பார்க்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. ஒருத்தர் நல்ல மனுசன்ங்க, ஆனா அவர் கட்சி நமக்கு எதிரா கை தூக்குது. இன்னொருத்தர் மேல நூறு பேச்சு இருக்கு, ஆனா அவர் கட்சி நமக்காகப் பேசுது. யாருக்குக் குத்தினா நாளைக்கு அல்லாஹ்கிட்ட பதில் சொல்ல முடியும்?” என்றார்.

அந்த நேரத்தில் ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது பதிலே இல்லை என்று மனது உறுத்தியது. அதனால் இம்மாதப் பாடத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் டிரஸ்ட் எந்தக் கட்சிக்கும் சார்பானதல்ல. கீழே வரும் பெயர்கள் எல்லாம் நடந்து முடிந்த தேர்தல்களின் பெயர்கள். படிப்பினைக்காக மட்டுமே அவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுக்கு மார்க்கத்தில் என்ன இடம்? பாகிஸ்தானின் முஃப்தியாக இருந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதை மூன்று கோணங்களில் விளக்கினார்கள். ஒன்று, ஓட்டு ஒரு சாட்சியம்; இந்த ஆள் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். இரண்டு, அது ஒரு பரிந்துரை. மூன்று, அது வகாலத்; நம் சார்பில் பேசும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுக்கிறோம். அந்த அதிகாரம் நமக்காக மட்டும் கொடுப்பதல்ல. அவர் செய்யும் நன்மையும் தீமையும் ஊர் முழுவதையும் தொடும். சாட்சியம் என்று பார்த்தால், தெரிந்துகொண்டே தகுதியற்றவருக்குப் போடுவது பொய்ச் சாட்சி. “எவனும் சரியில்லை” என்று கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது சாட்சியத்தை மறைப்பது.

சரி, தகுதி என்றால் என்ன? அல்கஸஸ் சூராவில் ஒரு காட்சி வருகிறது. மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி ஒரு பெண் தன் தகப்பனாரிடம் சொல்கிறார். வேலைக்கு ஆள் எடுத்தால் அவரிடம் வலிமையும் இருக்க வேண்டும், நம்பகமும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கருத்து. நமக்கு இதைப் புரிய வைக்கத் தஃப்ஸீர் கிதாப் தேவையில்லை. பனியன் கம்பெனியே போதும். கட்டிங் மாஸ்டர் ஐந்து வேளையும் தொழுகிறவர், ஆனால் லே போடத் தெரியாமல் நூறு கிலோ துணியை வேஸ்ட் ஆக்குகிறார் என்றால் முதலாளி என்ன செய்வார்? ஸ்டோர் இன்சார்ஜ் கெட்டிக்காரர், ஆனால் நூல் மூட்டை இரவில் வெளியே போகிறது என்றால்? கட்டிங்கில் கைத்திறனை முதலில் பார்க்கிறோம். ஸ்டோரில் கைச்சுத்தத்தை முதலில் பார்க்கிறோம். இரண்டு குணமும் இரண்டு இடத்திலும் வேண்டும்தான். ஆனால் எது முன்னால் நிற்க வேண்டும் என்பதை வேலைதான் முடிவு செய்கிறது.

இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஆட்சிமுறை பற்றி எழுதிய நூலில் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் முழுமையாக அமைவது அரிது; படை நடத்த வலிமையானவரையும், கருவூலம் காக்க நம்பகமானவரையும் முன்னிறுத்த வேண்டும் என்கிறார்கள். இதற்கு நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே முன்மாதிரி உண்டு. அபூதர் (ரலி) அவர்களைவிட உண்மையாளரை எங்கே தேடுவது? அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தோளில் கைவைத்து, நீர் பலவீனமானவர், இதுவோ ஓர் அமானிதம் என்ற கருத்தில் அன்பாக மறுத்துவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது. ஆனால் ஹிஜ்ரி 8-ல் தாத்துஸ் ஸலாஸில் படைக்கு, இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆன அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். பின்னர் உதவிப் படையில் வந்து அவருக்குக் கீழே நின்றவர்களில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள்! யார் சிறந்தவர் என்பது வேறு, யார் இந்த வேலைக்கு உரியவர் என்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இனி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

அமெரிக்காவில் பொதுத் தேர்தலுக்கு முன்பே ஒரு தேர்தல் நடக்கிறது. ஒரே கட்சியைச் சேர்ந்த நாலைந்து பேர் போட்டியிடுவார்கள். கட்சியின் ஆதரவாளர்களே ஓட்டுப் போட்டு யார் வேட்பாளர் என்று முடிவு செய்வார்கள். முஸ்லிம்களும் அரபு வம்சாவளியினரும் நிறைந்த மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் 2016 மார்ச்சில் நடந்த அப்படியொரு உட்கட்சித் தேர்தலில், ஹிலாரி கிளின்டனைவிட பெர்னி சாண்டர்ஸுக்கே அதிக ஓட்டு விழுந்தது. சாண்டர்ஸ் யூத குடும்பத்தைச் சேர்ந்தவர். முஸ்லிம்கள் யூதருக்குப் போடமாட்டார்கள் என்று நினைத்திருந்த பத்திரிகைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தில், காஸா விவகாரத்தில் பைடன் மீதிருந்த கோபத்தில், அவருடைய சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் “யாருக்கும் உறுதியளிக்கவில்லை” என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். நம் நோட்டா மாதிரிதான், ஆனால் கட்சிக்குள்ளேயே.

நம் நாட்டில் அந்த வாசல் இல்லை. யாருக்கு சீட் என்பதைக் கூட்டணிப் பேச்சும் தலைமையும் முடிவு செய்கின்றன. விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் அறிவாலயத்திலும் ராயப்பேட்டையிலும் நடக்கின்றன. நம் கைக்கு வரும்போது பந்தி முடிந்து இலையில் மிச்சம் இருப்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இஸ்லாமிய வரலாற்றில் அந்த உட்தேர்வுக்கு அழகான ஒரு நிகழ்வு உண்டு. ஹிஜ்ரி 23-ன் இறுதியில் குத்துப்பட்டுப் படுக்கையில் இருந்த உமர் (ரலி) அவர்கள், உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி அன்ஹும்) ஆகிய ஆறு பேரைப் பெயர் சொல்லி, உங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று விட்டார்கள். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் உட்காரலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். (இன்றைய கட்சி அலுவலகங்களில் இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.) அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் முதலில் செய்தது, போட்டியிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டது. பிறகு மூன்று நாட்கள் சரியாகத் தூங்காமல் மதீனாவில் உள்ளவர்களிடம் கருத்துக் கேட்டுத் திரிந்தார்கள். படைத்தலைவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்ல, திரைக்குப் பின்னால் இருந்த பெண்களிடமும் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) பதிவு செய்கிறார்கள். எஞ்சிய இருவருமே சுவனத்துக்கு நற்செய்தி சொல்லப்பட்டவர்கள். அங்கே நல்லவர் கெட்டவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தும் கேட்டுக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.

நமக்கு வாய்க்கும் இருவர் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் நம் மண்ணிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. திமுக சார்பில் துரைமுருகன் அவர்களின் மகன் கதிர் ஆனந்த். எதிரே அதிமுகவின் இரட்டை இலையில், கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஏ.சி.சண்முகம். ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய தேர்தல் இரண்டு நாள் முன்னதாக ரத்தானது. திமுக பிரமுகர் ஒருவருடன் தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட இடத்தில் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டதே காரணம். ஆகஸ்ட் 5-ல் மறுபடி தேர்தல். இடைப்பட்ட ஜூலை 25-ல் முத்தலாக் மசோதா மக்களவையில் வந்தபோது, அந்த அவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினரான தேனி எம்.பி. அதை ஆதரித்தார். ஜூலை 30-ல் மாநிலங்களவையில் அதே கட்சி மசோதாவை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது. மசோதா 99-க்கு 84 என்று நிறைவேறியது. அடுத்த ஆறாவது நாள் வேலூரில் ஓட்டு!

வாணியம்பாடியில் தோல் கம்பெனிக்குப் போகும் ஒரு சகோதரர் அன்று காலை வரிசையில் நின்றபோது, நம் தம்பி கேட்ட அதே கேள்வி அவர் மனதிலும் இருந்திருக்கும். ஒரு பக்கம் பண விவகாரமும் வாரிசு என்ற பேச்சும். இன்னொரு பக்கம் ஆளைப் பற்றிப் பெரிய குறை இல்லை, ஆனால் அவர் போய்ச் சேரும் அணி முத்தலாக் மசோதாவைக் கொண்டுவந்த அணி. முடிவு வந்தபோது கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மூன்றிலும் சண்முகம் முன்னிலை. முஸ்லிம்கள் அதிகம் வாழும் வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர் மூன்றும் மறுபக்கம் சாய்ந்தன. யார் எதற்காகப் போட்டார் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. ஆனாலும் அங்கே பலர் ஆளைவிட அணியை எடைபோட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது தவறாகாது என்றே நினைக்கிறேன்.

அது சரியா? சரிதான் என்பது என் கருத்து. காரணத்தையும் சொல்கிறேன். 1985-ல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது; அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சிக் கொறடா உத்தரவு போட்டால் எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ அதை மீறி ஓட்டளிக்க முடியாது. மீறினால் பதவி போகலாம். அதாவது நாம் வகாலத் கொடுப்பது ஒருவரிடம், அதைக் கையில் வைத்திருப்பது இன்னொருவர்.

இதன் கசப்பை அதே ஆண்டு டிசம்பர் 11-ல் கண்டோம். குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அதிமுகவினர் 11 பேர். அந்தப் பதினொன்று அப்படியே எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 114-க்கு 116, மசோதா தோற்றிருக்கும். அந்தப் பதினொருவரில் ராணிப்பேட்டையைச் சேர்ந்த முஹம்மது ஜான் அவர்களும் ஒருவர். அவர் இன்று நம்மோடு இல்லை. அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் வேட்பாளரின் பெயர் நம் பெயர் போல இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த நாளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாத தொகுதிகளும் இருக்கின்றன. 2014-ல் ராமநாதபுரத்தில் அதிமுகவுக்கு அன்வர் ராஜா, திமுகவுக்கு முஹம்மது ஜலீல். 2016-ல் வாணியம்பாடியில் அதிமுகவின் நிலோபர் கபீலும் முஸ்லிம் லீக்கின் சையத் பாரூக்கும் மோதினார்கள். பெயரைப் பார்த்துப் போடுகிறவர் அங்கே என்ன செய்வார்?

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் முத்தலாக் மசோதா மக்களவைக்கு வந்தபோது அன்வர் ராஜா அவர்கள் அதை எதிர்த்துக் கடுமையாகப் பேசினார்கள். அன்று கட்சியும் வெளிநடப்பு செய்தது. ஆளுக்கும் எடை உண்டு. அவையில் எழுந்து பேசுகிறவருக்கும் ஐந்து வருடம் பெஞ்சைத் தேய்க்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. கட்சியை முதல் தட்டிலும் ஆளை இரண்டாம் தட்டிலும் வையுங்கள் என்கிறேன். ஆளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

மாநகராட்சி வார்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். நம் திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டு. 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டோமே, அந்தக் கவுன்சிலர் குடியுரிமைச் சட்டத்துக்குக் கை தூக்கப் போவதில்லை. சாக்கடை அடைப்பு, குடிநீர் வருகிற நாள், தெருவிளக்கு, மையவாடிக்குப் போகும் பாதையில் மழைநீர், இவைதான் அவர் வேலை. ராத்திரி பத்து மணிக்கு போன் அடித்தால் எடுக்கிறாரா, குழாய் இணைப்புக்கு லஞ்சம் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டிய இடம் அது. அங்கே கட்சிக் கொடியைப் பார்த்துப் போடுவது, ஸ்டோருக்கு ஆள் எடுக்கும்போது அவருக்குத் தையல் தெரியுமா என்று கேட்பது மாதிரி. எங்கள் தெருவில் ஒரு கவுன்சிலர் இருந்தார். கட்சி நமக்குப் பிடிக்காத கட்சி, மனிதர் நெற்றி நிறைய திருநீறு. கொரோனா நேரத்தில் எங்கள் வீதி ஜனாஸாவுக்கு ஆம்புலன்ஸ் பிடித்துக் கொடுத்து, கடைசி வரை நின்றவர் அவர்தான். மறுபடி அவர் நின்றபோது ஓட்டுப் போட எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. யூஸுஃப் (அலை) அவர்கள் தங்களுடைய மார்க்கத்தைச் சேராத மன்னரின் அரசில்தான் கருவூலப் பொறுப்பேற்றார்கள். தம்மிடம் காக்கும் குணமும் அறிவும் இருப்பதைத்தான் தகுதியாகச் சொன்னார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவற வைத்துவிடக் கூடாது என்று அல்மாயிதா சூரா நம்மை எச்சரிக்கிறது. அது ஓட்டுச்சாவடிக்கும் பொருந்தும்.

ஆளை எடைபோட விவரம் எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு வேட்பாளரும் தன் மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்களின் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை. குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் வெளியிட வேண்டும் என 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வழக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல. சாலை மறியல் வழக்கும் நிலமோசடி வழக்கும் ஒரே வரிசையில்தான் இருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஜமாஅத்தே கூடி ஒருவரை முடிவு செய்து ஜும்ஆவில் அறிவித்துவிட்டால் என்ன என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒற்றுமை கருதிக் கேட்கிறார்கள், புரிகிறது. ஆனால் வழிபாட்டுத் தலத்தையோ அதன் பணத்தையோ அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988-ன் மத நிறுவனங்கள் சட்டம் தடை செய்கிறது; பொறுப்பாளர்களுக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டால், அது வேட்பாளரின் மதமானாலும் வாக்காளரின் மதமானாலும், அந்த வெற்றியே செல்லாமல் போகலாம் என்று 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் அமர்வில் நான்கு பேர் தீர்ப்பளித்தார்கள். நாம் நல்லது என்று நினைத்து மிம்பரில் சொல்லும் ஒரு பெயர், அந்த வேட்பாளருக்கே வினையாக முடியலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், கட்டாயம் ஓட்டுப் போடுங்கள் என்று சொல்வதற்குத் தடை ஏதும் இல்லை.

கவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாட்சி சொல்லக் கூலி வாங்கினால் அது சாட்சியமல்ல. “இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடுகிறேன்” என்பது நம் ஊரில் பிரபலமான ஃபத்வா. அதைக் கொடுத்த முஃப்தி யார் என்றுதான் தெரியவில்லை. சட்டப்படியும் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளிகள்.

தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கம் ஓட்டு வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது உண்டு. கம்பெனியில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கேயே குடியேறிவிட்டவர்கள் படிவம் 8 கொடுத்து இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் எழுதி முடித்து, நம் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரியிடம் படித்துக் காட்டினேன். செக்கிங் வேலைக்குப் போகிறவர். முழுவதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிங்க ஹஜ்ரத். எங்க வூட்டுக்காரர் அவர் சொல்ற சின்னத்துல குத்தணும்ங்கிறார். எனக்கு அந்த ஆளு மேல நம்பிக்கை இல்லீங்க. நான் என்ன பண்றது?” என்றார்.

மதீனாவில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பவில்லை. சாட்சி சொல்பவர் கண்டதையும் அறிந்ததையும்தான் சொல்ல வேண்டும். கணவர் அறிந்ததை மனைவி சாட்சியாகச் சொல்ல முடியாது. வீட்டில் பேசுங்கள், உங்கள் சந்தேகத்தை அவரிடம் சொல்லுங்கள், அவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், இயந்திரத்துக்கு முன்னால் அட்டைத் தடுப்புக்குள் நிற்கும்போது உங்கள் கூட யாரும் வரமாட்டார்கள். ஐம்பது பேர் நிற்கும் வரிசையில் அந்த ஒரு நிமிடம் உங்களுடையது என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப இந்தப் பாடத்தை அவரும் படிக்கணும்ங்க, எனக்கு ரெண்டு பிரதி வேணும்” என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.